பிஸ்கட் டின்னில் இரண்டு துண்டு வயர்

என் அலுமாரியின் கீழ்த்தட்டில், பிறப்புச் சான்றிதழ்களுக்கும் பிள்ளைகளின் கிளினிக் கொப்பிகளுக்கும் பின்னால், ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் இரண்டு துண்டு வயர். ஒன்று சிவப்பு, மற்றது கறுப்பு. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். நான்கு நுனியிலும் தோலை உரித்துச் செப்புக் கம்பியை முறுக்கிவிட்டிருக்கிறது. கத்தி தேட நேரமில்லாமல் பல்லால் கடித்து உரித்த தோல். பல் பட்ட தடம் இன்றைக்கும் தெரியும். இந்த இரண்டு துண்டையும் ஒன்பது வருஷமாகப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒருவர் அப்படிக் கேட்டுக்கொண்டார், நானும் அப்படியே செய்தேன். இப்போதெல்லாம் பத்திரம் என்ற சொல்லை யாராவது சொன்னாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

கேட்டுக்கொண்டவர் ஒரு முஸ்லிம் லைட்காரர். முஸ்லிம்கள் அண்ணனைக் கூப்பிடுவதுபோல நாங்கள் எல்லோரும் அவரை நானா என்றே கூப்பிடுவோம். தெல்தெனியவில் வீடு. வெசாக் வந்தால் தோரணங்களுக்கு லைட் போடுவார், மீலாத் வந்தால் பள்ளிவாசலுக்கு, சித்திரை பிறந்தால் மடுல்கெல்லப் பக்கத்து எங்கள் தேயிலைத் தோட்டத்து மாரியம்மன் திருவிழாவுக்கு. பத்து வருஷத்துக்கு மேல் எங்கள் அம்மன் அவர் போட்ட வெளிச்சத்தில்தான் வெளியே வந்தாள். நான் தோட்டத்துப் பாடசாலையில் டீச்சர். கடிதம் எழுதத் தெரிந்த மருமகள் என்பதால் என்னைக் கோயில் கமிட்டிக்குச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள். கமிட்டித் தலைவர் என் மாமனார். ஆகவே நானாவோடு பேச வேண்டியதெல்லாம் என் தலையில் விழுந்தது.

அவர் வேலை செய்வதைப் பார்த்தால் முதலில் எரிச்சல்தான் வரும். அவ்வளவு மெதுவு. கோயில் வாசலில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, முதல் வேலையாக எர்த்துக்கு ஒரு செப்புக் கம்பியைத் தரையில் அடித்து இறக்குவார். அதன் தலையில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவார். பிறகுதான் பெட்டியை இறக்குவார். பலகைப் பெட்டி, மேலே மழைக்குத் தகரம். அதை இரண்டு கல்லின் மேல் தூக்கி வைப்பார். பந்தல், தேர், ஒலிபெருக்கி, வீதி வளைவுகள் எல்லாவற்றுக்கும் கரண்ட் அந்தப் பெட்டிக்குள் நுழைந்துதான் போக வேண்டும். நடுவில் ஒரு ட்ரிப் சுவிட்ச். எங்காவது வயர் நனைந்து, கரண்ட் போகக்கூடாத இடத்துக்குப் போனால், அது கண் மூடித் திறப்பதற்குள் விழுந்து எல்லாவற்றையும் அணைத்துவிடும். பியூஸ் இருக்கிறதே, இது எதற்கு என்று நான் ஒருமுறை கேட்டேன். "பியூஸ் வயரக் காப்பாத்தும் டீச்சர். இது மனிசனக் காப்பாத்தும்" என்றார். கொடியேற்றத்துக்கு முன்னால் மாமாவைக் கூப்பிட்டு அதில் இருந்த டெஸ்ட் பட்டனை அவர் விரலாலேயே அழுத்தச் சொல்லுவார். டக்கென்று எல்லாம் அணையும். மாமாவின் முகம் சுருங்கும். கொடி ஏறிய பிறகு அதைத் தொடுவதற்கு மாமா விடமாட்டார் என்பது தெரிந்து, நானா அதற்கு முன்பே செய்து முடிப்பார். வளைவுகளை மூங்கிலில் கட்டுவோம் என்று ஒவ்வொரு வருஷமும் சொல்லிப் பார்த்தார். எங்கள் ஆட்களோ உபயகாரர் பெயர் வெட்டிய இரும்பு வளைவுகளைச் செய்து வைத்துக்கொண்டு, அவற்றை நடாவிட்டால் மானம் போய்விடும் என்று நின்றார்கள்.

வெளிச்சம் அணைவதைப் பற்றி எங்கள் தோட்டத்தில் ஒரு பயம் இருந்தது. அதைச் சொல்லாமல் மேலே போக முடியாது. நான் சொல்லப்போகும் துர்நாளுக்கு முந்தின வருஷத் திருவிழாவில், அம்மன் வாசல் தாண்டும் நேரத்தில் லைட் ஒரு நொடி அணைந்து எரிந்தது. இரண்டு மாதம் கழித்து அடைமழையில் மேட்டு லயத்து வரிசை வீடுகளுக்குப் பின்னால் மண் சரிந்து ஒரு குடும்பம் புதைந்துபோய்விட்டது. பாதை அகலமாக்க அடிவாரத்தில் மண் வெட்டியதை யாரும் பேசவில்லை. லைட் அணைந்ததைப் பேசினார்கள். தலைவர் நேர்ச்சை தப்பிவிட்டார் என்று மாமாவின் காதுபடவே பேசினார்கள். அந்த மனிதர் ஒரு வருஷம் சரியாகச் சாப்பிடவில்லை. இதை நான் அவருக்காகப் பரிந்து சொல்லவில்லை. அவர் கெட்டவர் இல்லை என்பதுதான் எனக்கு இன்னும் கோபம். கெட்டவராக இருந்திருந்தால் எனக்கு வேலை சுலபமாக இருந்திருக்கும்.

அடுத்த வருஷத் திருவிழா அன்றைக்குப் பகல் முழுவதும் மழை. ஐந்து மணிக்குத் தூறலாகக் குறைந்தது. ஆறு மணிக்கு அம்மனைத் தூக்கத் தயாரானபோது முதல் தடவை லைட் போனது. நானா பந்தலில் ஒரு ஹோல்டரைத் துடைத்துவிட்டுப் போட்டார். இரண்டாம் தடவை போனபோது பெண்கள் முணுமுணுக்கத் தொடங்கினார்கள். மூன்றாம் தடவை, அம்மன் சரியாக வாசற்படியில் இருக்கும்போது போனது. யாரோ ஒருத்தி அழ ஆரம்பித்தாள். நானா பெட்டியை மூடிவிட்டு மாமாவிடம் வந்தார்.

"இருவது நிமிசம் தாங்க தலைவர். வீதி வளைவு ஒண்ணுல கரண்ட் எறங்குது. எதுலண்டு பாத்துட்டு வந்து செல்றேன். நான் செல்லாம ஒத்தரும் பெட்டில கை வெக்க வாணாம்."

டோர்ச்சையும் டெஸ்டரையும் எடுத்துக்கொண்டு அவர் இறக்கத்தில் வளைவுகள் நட்டிருந்த பக்கம் போனார். அவர் தலை மறைந்ததும் மாமா தேயிலை ஃபாக்டரியில் மெஷின் பழுது பார்க்கும் பிட்டரைப் பார்த்தார். "அம்மன் படியில நிக்கிது. இருட்டுலயா தூக்கச் சொல்றீங்க" என்று மட்டும்தான் சொன்னார். செய் என்று சொல்லவில்லை. பிட்டருக்கும் வேறு சொல் தேவைப்படவில்லை. பெட்டியைத் திறந்து, பையிலிருந்த வயரில் இரண்டு துண்டு வெட்டி, பல்லால் உரித்து, ட்ரிப் சுவிட்சுக்கு வருகிற கரண்டை அதன் தலையைத் தாண்டி மறுபக்கத்தில் கொண்டுபோய் முடிந்தார். சுவிட்ச் விழுந்தபடியே கிடக்க, கரண்ட் அதைச் சுற்றிக்கொண்டு போனது. தூறல் பெட்டிக்குள் விழாமல் இருக்க யாரோ குடை பிடித்தார்கள். அந்த யாரோ நான்தான்.

எனக்கு விஷயம் தெரியாது என்று சொல்ல முடியாது. எது மனிதனைக் காப்பாற்றும் என்று எனக்கு நேராகவே சொல்லப்பட்டிருந்தது. தெரிந்துகொண்டுதான் குடை பிடித்தேன். லைட் எரிந்ததும் ஊரோடு சேர்ந்து எனக்கும் அப்பாடா என்றிருந்தது. அம்மனுக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

பால்குடம் எடுத்த பெண்கள் முன்னால் இறங்கினார்கள். முதலாவதாகப் போனவர் ஐந்தாம் லயத்து அக்கா. கொழுந்து பறிப்பவர், அவர் மகள் என் வகுப்பில் இருந்தாள். வெறுங்கால், ஈரச் சேலை, சேறு. முதல் வளைவுக்குக் கீழே கால் வழுக்கியபோது ஒரு கையால் குடத்தைப் பிடித்துக்கொண்டு மறு கையால் வளைவைப் பிடித்தார். பிடித்த கையை விடவில்லை. உடம்பு உதறத் தொடங்கியது. குடம் விழுந்து பால் இறக்கத்தில் ஓடியது. அதைப் பார்த்த பெண்கள் என்ன செய்தார்கள் தெரியுமா? குலவை போட்டார்கள். அக்காவுக்கு அருள் வந்துவிட்டது என்று நினைத்தார்கள். தப்பு மேளக்காரர்கள் இன்னும் வேகமாக அடித்தார்கள். ஒரு பெண் எங்கள் கண் முன்னால் செத்துக்கொண்டிருந்தார், நாங்கள் கையெடுத்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தோம்.

கீழே மூன்றாம் வளைவில் நின்ற நானாவுக்கு லைட் எரிந்ததுமே விளங்கிவிட்டது. கத்திக்கொண்டு மேலே ஓடி வந்தார். தப்புச் சத்தத்தில் அவர் கத்தியது யாருக்கும் கேட்கவில்லை. பெட்டிவரை ஓடிவந்து மெயினை அணைத்தார். அந்த நேரத்தில் இரண்டு துண்டு வயரையும் கண்டார், குடையோடு நின்ற என்னையும் கண்டார். அக்காவிடம் ஓடினார். எல்லோரும் அந்தப் பக்கம் ஓடியபோது பிட்டர் வயரைப் பிடுங்கிப் பெட்டிக்குப் பின்னால் எறிந்தார். நான் குனிந்து எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டேன். ஏன் எடுத்தேன் என்று இன்றுவரை எனக்கே தெளிவில்லை. சாட்சிக்காக எடுத்தேன் என்று சில நாள் என்னை நானே தேற்றிக்கொள்வேன். மாமாவைக் காப்பாற்ற எடுத்தேன் என்று மற்ற நாட்களில் தோன்றும். நிமிர்ந்தபோது, அக்காவைத் தூக்கியவர்களில் ஒருவராக நின்ற நானா என்னைத் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே அக்கா இறந்துவிட்டார். பொலிஸ் வந்து பெட்டியைத் திறந்தபோது அதற்குள் எல்லாம் ஒழுங்காக இருந்தது. யாரோ சுவிட்சைத் தாண்டி வயர் கொடுத்தார்கள் என்று நானா சொன்னார். எங்கே அந்த வயர் என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் பார்க்கவில்லை. அதை நான் இன்றும் நினைத்துப் பார்க்கிறேன். விரல் நீட்டியிருக்கலாம், நீட்டவில்லை. நான் வாய்திறந்து உண்மையைச் சொல்லுவேன் என்று நம்பினார். பொலிஸ் ஜீப்பில் ஏறும் முன்னால் என்னைக் கடந்துபோகும்போது மெதுவாகச் சொன்னார்.

"டீச்சர், அத பத்திரமா வச்சிக்கோங்க."

இரண்டு நாள் கழித்து என்னை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டார்கள். மாமா மிரட்டவில்லை. "வீட்டு மானம் ஒங்க கையில இருக்கும்மா" என்றார், அவ்வளவுதான். நான் பொலிஸில் போய் உட்கார்ந்து, மழை, இருட்டு, எனக்குச் சரியாகத் தெரியவில்லை என்று சரளமான சிங்களத்தில் சொன்னேன். அவர்கள் எழுதியதை வாசித்துப் பார்த்து, ஒரு எழுத்துப்பிழையைக்கூடத் திருத்தி, கையெழுத்துப் போட்டேன். மாலையிலிருந்து மூன்று முறை லைட் அணைந்ததே, அப்போதே அந்த ஆளின் வயரிங் சரியில்லை என்று தெரியவில்லையா என்று ஊர் கேட்டது. அந்தச் சுவிட்ச் மூன்று முறை எங்களை எச்சரித்ததே அவருடைய குற்றத்துக்குச் சாட்சியாகிவிட்டது. பழி ஓரிடம் பாவம் ஓரிடம் என்பது இதுதான். பிறகு, வேறு மார்க்கத்து ஆளை அம்மன் காரியத்தில் விட்டதுதான் சாமி குத்தம் என்று ஒரு பேச்சுக் கிளம்பியது. பத்து வருஷம் அவர் வெளிச்சத்தில் பொங்கலும் பஞ்சாமிர்தமும் தின்ற வாய்கள் அதைப் பேசின. அந்த வாய்களை மூட என்னிடம் ஒரு சாண் வயர் இருந்தது. நான் டின்னை மூடினேன்.

அவர்மேல் போட்ட வழக்கு இழுபட்டு இழுபட்டு ஒன்றுமில்லாமல் போனது. ஆனால் ஆளைக் கொன்ற லைட்காரர் என்ற பெயர் போகவில்லை. வெசாக் தோரணத்துக்கு அவரைக் கூப்பிடுவதை நிறுத்தினார்கள். கடைசியில் அவருடைய சொந்தப் பள்ளிவாசலும் வேறு ஆளைப் பிடித்தது. சாமான்களை விற்றுவிட்டு பிலிமத்தலாவையில் ஒரு மின்சாரச் சாமான் கடையில் வேலைக்கு நின்றார். அது தெரியாமல் ஒருநாள் அந்தக் கடைக்குள் ஒரு பல்ப் வாங்கப் போனேன். கவுண்டருக்குப் பின்னால் அவர். தாடி வெளுத்திருந்தது. நான் திரும்பி நடக்கப் பார்த்தேன், அதற்குள் கண்டுவிட்டார். எல்லா வாடிக்கையாளருக்கும் செய்வதுபோல பல்பை ஹோல்டரில் மாட்டி எரியவிட்டுக் காட்டினார். பெட்டியில் போட்டுத் தாளில் சுற்றினார். பிள்ளைகளை விசாரித்தார். தாள் பொட்டலத்தை என் கையில் தரும்போதுதான் கேட்டார்.

"பத்திரமா ஈக்கா டீச்சர்?"

நான் தலையாட்டினேன். அவரும் தலையாட்டினார். அதில் கோபம் இருந்திருந்தால் நான் அங்கேயே அழுது தீர்த்துவிட்டு நிம்மதியாக வந்திருப்பேன். அவர் முகத்தில் இருந்தது நம்பிக்கை. இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அந்த மனிதர் என்னை நம்பிக்கொண்டிருந்தார். பஸ்ஸில் வரும் வழியெல்லாம், அடுத்த வாரம் பொலிஸுக்குப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். அடுத்த வாரம் பிள்ளைகளுக்குப் பரீட்சை. அதற்கடுத்த வாரம் மாமாவுக்குச் சுகமில்லை. சாக்குச் சொல்ல நினைத்தவளுக்கு வாரம் கிடைக்காமலா போகும்? போன வருஷம் தெல்தெனியப் பக்கத்திலிருந்து பாண் விற்க வருகிறவர், நானா நெஞ்சுவலியில் மௌத்தாகிவிட்டார் என்று சொன்னார்.

இந்த வருஷம் திருவிழாக் கூட்டத்துக்குக் கண்டியிலிருந்து ஒரு புது லைட்காரர் வந்திருந்தார். தன் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் இருப்பதைப் பெருமையாகச் சொன்னார். கமிட்டியில் ஒருவர் குறுக்கிட்டு, அணைகிற சாமானெல்லாம் வேண்டாம், அன்றைக்கு அந்த நானா செய்த கூத்துப் போதும் என்றார். இரண்டு பேர் சிரித்தார்கள். கைத்தடியோடு இப்போதும் தலைவர் கதிரையில் உட்கார்ந்திருக்கிற மாமா வாய் திறக்கவில்லை. எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. எழுந்து வீட்டுக்குப் போய் டின்னைக் கொண்டுவந்து, மேசை மேல் கவிழ்த்தேன்.

"அன்னைக்குப் பெட்டியில மாட்டுன வயரு இதுதான். கொடை புடிச்சது நான். மாமாவுக்கும் தெரியும்."

பிட்டர் ஓய்வுபெற்றுக் கொழும்பில் மகனோடு இருக்கிறார். வயரை மாட்டியது அவர்தான் என்று சொல்ல ஒருவருக்கும் சிரமமிருக்கவில்லை. நானாவின் பேரைத் திருவிழாவில் மைக்கில் சொல்லி, அவர்மேல் பிழையில்லை என்று அறிவிக்க வேண்டும் என்று கேட்டேன். அதற்குத்தான் முடியாது என்றார்கள். கோயில் மேடையில் சாவைப் பற்றிப் பேசினால் தீட்டாம். அக்கா விழுந்தது யார் திருவிழாவில் என்று கேட்டேன். ஆனால் ட்ரிப் சுவிட்சை மாட்டச் சம்மதித்தார்கள்.

திருவிழா அன்று மாலை ஆறு மணியிலிருந்து பெட்டிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்துகொண்டேன். சித்திரை மழை தன் குணத்தை மாற்றிக்கொள்ளவில்லை. அம்மனைத் தூக்கித் தேரில் வைக்கிற நேரத்தில் டக்கென்று எல்லாம் அணைந்தது. மைக்கும் செத்தது. போன் வெளிச்சங்கள் இங்குமங்கும் மின்னின. லைட்காரர் தேர்ப் பக்கம் ஓடினார். பத்துப் பேர் என்னை நோக்கி, பெட்டியை நோக்கி, வந்தார்கள். நான் எழுந்து கதிரை மேல் ஏறி நின்றேன். நாற்பது பிள்ளைகளை அதட்டிய குரல், மைக் எதற்கு? அந்த இருட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். மூன்று முறை விழுந்த சுவிட்சை, இருபது நிமிடம் கேட்ட மனிதரை, பல்லால் உரித்த வயரை, குடையை, குலவையை, நான் பொலிஸில் சொன்ன பொய்யை. டீச்சரை நிறுத்தச் சொல்லுங்கள் என்று ஒருவர் கத்தினார். தேர்ப் பக்கமிருந்து மாமாவின் குரல் கேட்டது. "பேசட்டும்" என்றார்.

தேரில் ஒரு ஹோல்டருக்குள் தண்ணீர் போயிருந்தது. அதைக் கழற்றிவிட்டு லைட்காரர் சுவிட்சைத் தூக்கினார். அணைந்ததிலிருந்து எரிந்ததுவரை பதினேழு நிமிடம். அம்மன் கோபிக்கவில்லை. மலை சரியவில்லை. தேர் இழுத்தோம். பதினேழு நிமிடம் சும்மா நிற்கத் தெரிந்த ஊருக்கு, அன்றைக்கு இருபது நிமிடம் நிற்கத் தெரியவில்லை. கூட்டத்தில் நின்ற அக்காவின் மகள், வளர்ந்த பெண், என் முகத்தைப் பார்க்காமல் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் டின்னை எடுத்துக்கொண்டு தெல்தெனியவுக்குப் போனேன். நானாவின் மனைவி என்னை உட்கார வைத்துப் பிளேன்டீ தந்தார். எல்லாவற்றையும் கேட்டார். டின்னைத் திறந்து இரண்டு துண்டையும் கையில் எடுத்து, பல் தடத்தை விரலால் தடவிப் பார்த்தார். திரும்ப உள்ளே வைத்து மூடியை அழுத்தினார்.

"இத வச்சி நான் என்ன செய்ற டீச்சர்? மனிசன் உசிரோட ஈக்கக்குள்ள கொணந்தீக்கோணும்."

டின்னை என் மடியில் வைத்துவிட்டு, பிளேன்டீ ஆறுவதாகச் சொன்னார். கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம் செய்யப் போனவளை வேறு எப்படி அனுப்புவது? இரண்டு பஸ் மாறி வீட்டுக்கு வந்தேன். அலுமாரியின் கீழ்த்தட்டில், கிளினிக் கொப்பிகளுக்குப் பின்னால், டின் இருந்த இடம் தூசியில்லாமல் வட்டமாகத் தெரிந்தது. அதே இடத்தில் வைத்தேன். வாங்கிக்கொள்ள ஆள் இல்லை. பத்திரமாக இருக்கிறது.